2007 கேமன் எஸ் வாங்கலாமா? இன்ஜின் பயம் மட்டும்தான் தடுக்கிறது

தண்டையார்பேட்டை_ஃப்ளாட்சிக்ஸ்:

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். போர்ஷே கேமன் எஸ் ஒன்று எனக்குக் கட்டுப்படியாகும் விலையில் வந்திருக்கிறது. 2007 மாடல், 3.4 லிட்டர், மேனுவல் கியர், ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே ஓடியிருக்கிறது. ஒரே ஓனர், வயதானவர். கடைசி சில வருஷமாக வண்டி கவர் போட்டு நின்றதுதான் அதிகம், மாதம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து தெருவைச் சுற்றிவிட்டு நிறுத்திவிடுவாராம். பெயின்ட், சீட், ஏசி எல்லாம் சுத்தம். சாவியைத் திருப்பியதும் முதுகுக்குப் பின்னால் அந்த ஆறு சிலிண்டர் உறுமியதைக் கேட்ட பிறகு வேறு வண்டி எதிலும் மனசு போகவில்லை.

ஆனால் இரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஐ.எம்.எஸ் பேரிங் என்று ஒன்று இருக்கிறதாம், முன்னறிவிப்பே இல்லாமல் உடையுமாம், உடைந்தால் இன்ஜின் மொத்தமும் குப்பையாம். இன்னொரு பக்கம் போர் ஸ்கோரிங், அதாவது சிலிண்டரின் உட்சுவரில் கோடு விழுவது, என்கிறார்கள். இரண்டும் ஒன்றா வேறா என்பதே எனக்குப் பிடிபடவில்லை. வீட்டில் மாமா, "அந்தக் காசுக்குப் புது வண்டி வாரண்டியோடு வாங்குடா" என்று தினமும் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் ஓட்டப்போவது எப்படி என்றால், வார நாளில் எடுக்கமாட்டேன், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அதை நகர்த்த மனசு வராது. ஞாயிறு விடியற்காலையில் மீஞ்சூர் போய் வெளிவட்டச் சாலையில் வண்டலூர் வரை ஒரு ஓட்டம், எப்போதாவது தடா பக்கம். இந்த இன்ஜினில் உண்மையான ஆபத்து எது, வாங்குவதற்கு முன்னால் கண்டுபிடிக்க வழி உண்டா, நம் ஊர் வெயில் தாங்குமா? வைத்திருப்பவர்கள், வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_பாக்ஸ்டர்:

நண்பரே, நான் அதே தலைமுறை போர்ஷே பாக்ஸ்டர், 2.7 லிட்டர், வைத்திருக்கிறேன், அதனால் இந்தக் குழப்பம் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டும் வேறு வேறு.

ஐ.எம்.எஸ் என்பது கிராங்குக்குக் கீழே ஓடும் ஒரு இடைத் தண்டு. கிராங்கில் இருந்து சுழற்சியை வாங்கி கேம் செயின்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. ஃப்ளைவீல் பக்கத்து முனையில் அதைத் தாங்குவது சீல் வைத்த ஒரு பால் பேரிங். சீல் நாளாக ஆக இறுகி, உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து போய், பழைய ஆயில் உள்ளே தேங்க ஆரம்பித்தால் பேரிங் தேயும். உடைந்தால் தண்டு ஆடும், டைமிங் தாண்டும், வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். பயம் நியாயமானதுதான்.

ஆனால் எந்த வருஷத்து வண்டி என்று பார்க்காமல் பயப்படக்கூடாது. 1997 மாடலாக வந்த முதல் வண்டிகளில் இரட்டை வரிசை பேரிங். அப்புறம் 2000-ஐ ஒட்டி ஒற்றை வரிசைக்கு மாற்றினார்கள், 2005 வரை அதுதான். அமெரிக்காவில் வழக்கு நடந்து 2013-ல் சமரசம் ஆனதே, அது 2001 முதல் 2005 வரையான மாடல்களுக்கு. அந்த வழக்கில் வெளிவந்த கணக்கு, ஒற்றை வரிசையில் சுமார் 8 சதவீதம் தோல்வி, இரட்டை வரிசையில் 1 சதவீதத்துக்கும் கீழே. 2006-ல் இருந்து 2008 வரை பெரிய பேரிங் போட்டார்கள். நீங்கள் பார்க்கும் வண்டியில் இருப்பது அதுதான், அது உடைவது அரிது. ஒரே சங்கடம், இன்ஜினை இரண்டாகப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. கிளட்ச் மாற்றும்போது கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும், அப்போது பேரிங்கின் வெளிச் சீலை மட்டும் எடுத்துவிட்டால் இன்ஜின் ஆயிலே அதை நனைத்துக்கொண்டிருக்கும். பலரும் அதைச் செய்கிறார்கள்.

2009-ல் வந்த 9ஏ1 இன்ஜினில் இந்தத் தண்டே கிடையாது. காசு எட்டினால் அதைத் தேடுங்கள். எட்டவில்லை என்றால் 2.7 லிட்டர் வண்டியைப் பாருங்கள். 3.4-ல் எனக்கு இருக்கும் பயம் பேரிங் இல்லை, சிலிண்டர் போர்.

ஒற்றியூர்_ஒர்க்‌ஷாப்:

மேலே சொன்னவர் சரியாகச் சொன்னார். தம்பி, நீ தப்பான இடத்தில் பயப்படுகிறாய். 3.4-ல் பார்க்க வேண்டியது சிலிண்டர் போர்தான்.

இந்த இன்ஜினில் தனியாக இரும்பு லைனர் கிடையாது. லோக்காசில் என்று சொல்வார்கள், அலுமினிய பிளாக்கிலேயே சிலிக்கான் கலந்த சுவர். பிஸ்டன் பாவாடையில் ஒரு பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு உரிந்தால் அலுமினியமும் அலுமினியமும் நேருக்கு நேர் உரசும், சுவரில் நீளநீளமாகக் கோடு விழும். 2.7-ல் போர் விட்டம் 85.5 மில்லிமீட்டர், 3.4-ல் 96. இரண்டிலும் ஸ்ட்ரோக் ஒன்றுதான், 78. பெரிய பிஸ்டன், அதே நீளம் ஓட்டம், சுவர் மேல் அழுத்தம் அதிகம். அதனால்தான் 2.7-ல் இந்தப் புகார் குறைவு. பெரும்பாலும் இரண்டாவது பேங்க்கில், அதாவது 4, 5, 6 சிலிண்டர்களில், அதிலும் ஆறாவதில்தான் முதலில் ஆரம்பிக்கும்.

அடையாளம் என்ன என்றால், ஐடிலில் ஒரு டிக் டிக் சத்தம், ஆயில் குடிப்பது, புகைக்குழாயில் கரி. விற்பவர் "டாப்பெட் சத்தம், அட்ஜஸ்ட் செய்தால் போய்விடும்" என்று சொன்னால் நம்பாதே. இதில் ஹைட்ராலிக் டாப்பெட், அட்ஜஸ்ட் செய்ய ஒன்றும் இல்லை. ஸ்டார்ட் செய்யும்போது ஒரு வெள்ளைப் புகை வந்து அடங்கினால் அதற்காகப் பதறவும் வேண்டாம், படுக்கை இன்ஜினில் அது உண்டு. மேகம் மாதிரி வந்து நிற்காமல் போனால் ஆயில் செப்பரேட்டர் போயிருக்கும், அது மாற்றக்கூடிய சாமான்.

காதால் கேட்டு முடிவு செய்யாதே. கேமரா விட்டுப் பார். பின் சக்கரங்களைக் கழட்டினால் பிளக் எட்டும், பிளக் ஓட்டை வழியாக போர்ஸ்கோப் விட்டுப் பார்ப்பார்கள். ஆனால் கோடு பெரும்பாலும் சுவரின் கீழ்ப் பாதியில் விழும், மேலே இருந்து பார்த்தால் சில சமயம் ஒன்றும் தெரியாது. ஆயிலை இறக்கி, சம்ப்பை, அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தட்டை, கழட்டி, கீழே இருந்து கேமரா விட்டால்தான் முழுசும் தெரியும். சம்ப்பு கழட்டும்போது இன்னொரு நன்மை, அடியில் என்ன படிந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். கறுப்புப் பிளாஸ்டிக் துணுக்கு இருந்தால் செயின் டென்ஷனர் பட்டையோ பேரிங் சீலோ, இரும்புத் துகள் இருந்தால் பேரிங். பழைய ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடவிடாதே. மடிப்பு காகிதத்தை வெட்டி, விரித்து, வெயிலில் வைத்துப் பார். காசிமேட்டில் மீன் ஆய்ந்த பலகை மேல் செதில் மினுங்குவது போல மினுங்கினால் விலை பேசவே போகாதே.

வெயிலைப் பற்றிக் கேட்டாய். போர் கோடு விழுவது குளிர் நாட்டில்தான் அதிகம், உறைகிற குளிரில் ஸ்டார்ட் செய்து உடனே மிதிப்பதால். அந்த வகையில் சென்னை நல்ல ஊர். ஆனால் நமக்கு வேறு தலைவலி. ரேடியேட்டர் இரண்டும் முன் பம்பரின் இரு மூலையில், அதற்கு முன்னால் ஏசி கண்டென்சர். நடுவில் இருக்கும் இடுக்கில் இலை, பாலித்தீன், மணல் எல்லாம் போய் அடையும். எண்ணூர் பக்கம் ஓடிய வண்டி என்றால் சாம்பல் தூசு வேறு, அதோடு உப்புக் காற்று சேர்ந்து கண்டென்சர் தகட்டைத் தின்றிருக்கும். வெளியே இருந்து எட்டிப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். பம்பரைக் கழட்டி, கண்டென்சரை நகர்த்தி, கையை விட்டால் ஒரு பிடி வரும். ஏசி போட்டதும் முன்னால் இரண்டு ஃபேனும் மெதுவாக ஓட வேண்டும். ரெசிஸ்டர் எரிந்திருந்தால் மெதுவான வேகம் வேலை செய்யாது, ரொம்பச் சூடான பிறகுதான் சத்தமாக ஓடும். சிக்னலில் நிற்கும் ஊருக்கு அது ஆகாது.

மணலி_லூப்:

ஆயில் பக்கத்தை நான் சொல்கிறேன், என் தொழில் அதுதான்.

அந்த வண்டி மாதம் ஒரு தடவை ஸ்டார்ட் ஆகி, தெருவைச் சுற்றி, நின்றுவிட்டது என்கிறீர்கள். விளம்பரத்தில் இதைப் பெருமையாகப் போடுவார்கள், எனக்கு இதுதான் முதல் கவலை. இன்ஜின் சூடேறி ஆயில் வெப்பம் முழுசாக ஏறுவதற்குள் அணைத்துவிட்டால் எரிந்த பெட்ரோலின் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கும். நம் கடலோர ஈரக்காற்றில் மாதக்கணக்கில் அப்படியே நின்றால் ஆயிலில் அமிலம் சேரும். ஐ.எம்.எஸ் பேரிங் விஷயத்திலும் அதிகம் ஓடாமல் மெதுவாகவே ஓடிய வண்டிகள்தான் கூடுதலாக அடி வாங்கின. குறைந்த கிலோமீட்டர் என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஒழுங்காக ஓடி, வருஷா வருஷம் ஆயில் மாற்றி, அதற்கெல்லாம் பில் இருக்கிற எண்பதாயிரம் கிலோமீட்டர் வண்டியை நான் அதற்கு மேலாக மதிப்பேன்.

கம்பெனி புத்தகத்தில் ஆயில் மாற்ற இரண்டு வருஷம், 30,000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். இந்த இன்ஜினில் வேலை செய்கிற எவரும் அதை ஏற்கமாட்டார்கள். வருஷம் ஒரு தடவை, அல்லது 8,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. போர்ஷேயின் ஏ40 ஒப்புதல் உள்ள 5டபிள்யூ-40 நம் ஊருக்குப் பொருத்தம். ஆயில் சுமார் எட்டு லிட்டர் பிடிக்கும், செலவைப் பார்த்து மலிவானதை ஊற்ற வேண்டாம். டிப்ஸ்டிக் கிடையாது, அளவு மீட்டரில்தான் வரும், பெட்ரோல் போடும்போதெல்லாம் ஒரு தடவை பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குடிக்கிறது என்பது மாதாமாதம் தெரிந்தால்தான் மாற்றம் வரும்போது கண்ணில் படும்.

வாங்கும் முன் ஆயில் சாம்பிள் எடுத்து லேபில் கொடுங்கள். அலுமினியம், இரும்பு, செம்பு, சிலிக்கான், பெட்ரோல் கலப்பு எவ்வளவு என்று வந்துவிடும். ஆயில் மாற்றி எவ்வளவு ஓடியது என்பதும் தெரிய வேண்டும், நேற்று மாற்றிய ஆயிலைச் சோதித்தால் எல்லாம் சுத்தமாகத்தான் வரும்.

பெட்ரோல்: இந்த இன்ஜினுக்கு 98 ஆக்டேன் என்று எழுதியிருக்கும், 95 குறைந்தபட்சம். நம் ஊர் சாதாரண பெட்ரோல் பல வருஷம் 91-தான். இன்ஜின் தட்டுவதை உணரும் நாக் சென்சார் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துச் சமாளிக்கும், ஆனால் வெயிலில் அழுத்தி ஓட்டும்போது அதை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. இந்தியன் ஆயிலின் 95 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி95-க்குக் கீழே போகாதீர்கள், கிடைத்தால் எக்ஸ்பி100. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்க்கைப் பாதியாக வைத்து வண்டியை நிறுத்தி வைக்கவும் வேண்டாம்.

கொளத்தூர்_வி8:

எல்லோரும் எப்படி வாங்குவது என்று சொல்கிறீர்கள். வாங்க வேண்டாம் என்று சொல்ல ஒருவராவது வேண்டும், நான் சொல்கிறேன்.

நான் வைத்திருந்தது வேறு ஜெர்மன் வண்டி, பெயர் வேண்டாம். வாங்கும்போது எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு நாள் மாதவரம் ரவுண்டானா தாண்டியதும் ஆயில் விளக்கு எரிந்தது, இன்ஜினை அணைத்து ஓரம் கட்டுவதற்குள் கிராங்க் பிடித்துவிட்டது. பாகங்கள் வெளிநாட்டில் இருந்து வந்து சேர மாதங்கள் ஆயின, வந்ததில் ஒரு பேரிங் செட் அளவு தப்பு, திருப்பி அனுப்பி மறுபடி காத்திருப்பு. அதற்குள் ஷெட்டில் நின்ற வண்டியின் ரப்பர் எல்லாம் காய்ந்து போனது. கடைசியில் ஆன செலவில் ஒரு சின்ன வண்டி புதிதாக வாங்கியிருக்கலாம். பணம் போனதைவிட, அந்த வண்டியை நேசித்த அளவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்காமல் போனதுதான் எனக்கு வலி.

இது ஒரு கம்பெனியின் கதை இல்லை. பிஎம்டபிள்யூ எம்3-யின் 4.0 லிட்டர் வி8 இருக்கிறதே, எஸ்65, அதில் கனெக்டிங் ராடு பேரிங் சீக்கிரம் தேய்கிறது என்று உலகம் முழுக்க முன்கூட்டியே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மெர்சிடிஸ் எம்272 வி6-ல் ஆரம்ப வருஷங்களில் பேலன்ஸ் ஷாஃப்ட் கியர் தேய்ந்து அமெரிக்காவில் வழக்கு வரை போனது. மாஸ்டா ரோட்டரி இன்ஜினில் ரோட்டர் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் தேயும். வேகத்துக்காகச் செய்த இன்ஜினில் இடைவெளி எல்லாம் மயிரிழை, பொறுத்துப் போகும் குணம் அதற்குக் கிடையாது. அமெரிக்காவில் இருப்பவருக்கு அது ஒரு பில். இங்கே டியூட்டி கட்டி, கூரியர் கட்டி, தெரிந்த கைகளைத் தேடி அலைய வேண்டும். இன்ஜின் ஒன்று முழுசாகப் போனாலும் சமாளிக்கும் பணம் தனியாக இருந்தால் வாங்குங்கள். கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் மாமா சொல்வதைக் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை_ஃப்ளாட்சிக்ஸ்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கொளத்தூர் அண்ணா, கடன் இல்லை, சேர்த்த பணம்தான். நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு வண்டி விலைக்கு மேல் தனியாக எவ்வளவு ஒதுக்க முடியும் என்று கணக்குப் போட்டேன். முழு இன்ஜின் வேலைக்கு இப்போது போதாது, ஒரு வருஷத்தில் சேரும். அதுவரை கவனமாக ஓட்டலாமா என்பது என் கேள்வி.

ஒற்றியூர் அண்ணா, பெரியவரிடம் பேசினேன். பிளக் கழட்டிப் பார்க்கச் சம்மதித்தார். சம்ப்பு கழட்டுவது என்றதும் தயங்குகிறார். "நீ வாங்காமல் போய்விட்டால், பிரித்த வண்டி என்று அடுத்தவன் விலையைக் குறைப்பான்" என்கிறார். அவர் பக்கமும் புரிகிறது. என்ன செய்வது?

ஒற்றியூர்_ஒர்க்‌ஷாப்:

அவர் கேட்பது நியாயம். சம்ப்பு கழட்டினால் ஆயில் போகும், புது ஆயில், புது ஃபில்டர், சீலன்ட் எல்லாம் உன் செலவு என்று சொல். நீ வாங்காவிட்டாலும் அவருக்கு ஒரு ஆயில் சர்வீஸ் லாபம், கூடவே போர் சுத்தம் என்று காட்ட வீடியோ இருக்கும், அடுத்தவனிடம் அதைக் காட்டியே விலை கேட்கலாம். இப்படிச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அப்படியும் முடியாது என்றால், பிளக் வழியாகப் பார்த்தது பாதிதான் என்று வைத்து விலை பேசு.

மேனுவல் வண்டி என்பதால் கம்ப்யூட்டர் போட்டு ஓவர்ரெவ் பதிவையும், அதாவது இன்ஜின் எல்லை மீறிச் சுழன்ற கணக்கையும், எடு. ஆறு ரேஞ்ச்சாக வரும். கீழ் ரேஞ்ச்சில் எண் இருந்தால் பரவாயில்லை, மேல் ரேஞ்ச்சில் இருந்தால் யாரோ கியர் தவறாகப் போட்டு இன்ஜினை எல்லை தாண்டி இழுத்திருக்கிறார்கள். பெரியவர் தெருவைச் சுற்றினாரா, அவர் பையன் எடுத்துப் பறந்தானா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஒரு வருஷம் ஓட்டலாமா என்றால், போர் சுத்தமாக இருந்தால் தாராளமாக ஓட்டு. இதில் ஆயில் வெப்ப மீட்டர் கிடையாது. தண்ணீர் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை 3,000-க்கு மேல் ஏற்றாதே. சூடான பிறகு பயந்து பயந்து ஓட்டாதே, நன்றாக இழு. குறைந்த வேகத்தில் பெரிய கியரில் போட்டு இழுப்பதுதான் பிஸ்டனுக்குக் கெடுதல்.

சோழவரம்_ரசிகர்:

சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் இருந்து இன்ஜின்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன்பு, வெயிலில் அந்த டி வடிவப் பாதைதான் நமக்கு எல்லாம். அங்கே ஓட்டியவர்கள் பந்தயம் முடிந்ததும் முதலில் பிளக்கைக் கழட்டி நிறத்தைப் பார்ப்பார்கள், ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்ப்பார்கள். தம்பிக்கு இங்கே சொல்லப்பட்ட சோதனை எல்லாம் அதே வழக்கத்தின் தொடர்ச்சிதான், ஒன்றையும் விடாதே.

நான் சேர்ப்பது இரண்டு. முதலாவது ஆர்.சி. 2007 வண்டிக்கு 15 வருஷம் 2022-லேயே முடிந்தது. பெரியவர் புதுப்பித்திருக்கிறாரா பார். புதுப்பித்தாலும் ஐந்து வருஷம்தான், 2027-ல் மறுபடி போக வேண்டும். இறக்குமதி காருக்கு 15 வருஷத்துக்குப் பிறகான கட்டணம் 2022 ஏப்ரலில் 40,000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 80,000 ஆக்கினார்கள். உன் வண்டி சரியாக அந்தக் கோட்டில் வந்து நிற்கும். விலை பேசும்போது இதையும் எடுத்து வை.

இரண்டாவது தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வண்டி எங்கே நின்றது என்று நேராகக் கேள். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் கார்கள் எந்த அளவு முழுகின என்று உனக்கே தெரியும். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா, சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா பார். இன்ஜினுக்குள் ஒரு தடவை தண்ணீர் போயிருந்தால் ராடு லேசாக வளைந்திருக்கும், ஸ்டார்ட் ஆகும், ஓடும், பிறகு ஒரு நாள் காட்டும்.

தண்டையார்பேட்டை_ஃப்ளாட்சிக்ஸ்:

ஐயா, 2023-ல் வண்டி அண்ணா நகரில் மாடி பார்க்கிங்கில் நின்றதாம், அந்த மாத பார்க்கிங் ரசீதைக் காட்டினார். 2015-ல் சர்வீஸில் இருந்தது, பில் இருக்கிறது. ஆர்.சி 2027 வரை செல்லும்.

பிளக் வழியாகப் பார்த்தாகிவிட்டது, ஆறு சிலிண்டரும் மேல் பாதி சுத்தம். ஓவர்ரெவ் பதிவில் மேல் மூன்று ரேஞ்ச்சும் பூஜ்ஜியம். ஆயில் செலவு என்னுடையது என்றதும் சம்ப்புக்கும் ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை உங்கள் ஷெட்டுக்கே கொண்டுவரலாமா அண்ணா?

ஒற்றியூர்_ஒர்க்‌ஷாப்:

கொண்டு வா, எட்டு மணிக்குள். ஆயில் சூடாக இருக்கும்போதே இறக்க வேண்டும், அதனால் டிரக்கில் ஏற்றாமல் ஓட்டியே வா, நேராக வராமல் மணலி பக்கம் சுற்றி வா. சாம்பிள் பாட்டில் சுத்தமானதாக எடுத்து வா, ஆயில் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் பிடித்து மணலிக்காரரிடம் கொடுத்துவிடலாம். கீழே இருந்து முதலில் ஆறாவதைப் பார்ப்போம். அங்கே கோடு இருந்தால் மற்றதைப் பார்க்கத் தேவை இருக்காது.